மினரலா, சிந்தடிக்கா? முதலில் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கேள்வியை ஒரு தடவை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். 2014 மாடல் வேகன் ஆர், பெட்ரோல், 80,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது, பெரும்பாலும் மதுரைக்குள்ளேயே ஓடுகிறது, எப்போதாவது சென்னைக்கு ஒரு நடை. தெருமுனை மெக்கானிக் "20டபிள்யூ-40 மினரலே போதும் சார், பழைய வண்டிக்கு சிந்தடிக் ஊத்துனா லீக் ஆகும்" என்கிறார். சர்வீஸ் சென்டரிலோ ஃபுல்லி சிந்தடிக் போடாவிட்டால் இன்ஜின் போய்விடும் என்கிற மாதிரி பேசுகிறார்கள். இரண்டு பில்லுக்கும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். யார் பேச்சைக் கேட்பது?

மெக்கானிக் சொன்ன கிரேடு தப்பு, சர்வீஸ் சென்டர் காட்டுகிற பயம் தப்பு. உங்கள் வண்டிக்கு வேண்டியது 5டபிள்யூ-30, டப்பாவில் ஏபிஐ எஸ்என் என்கிற தரக் குறியீடு அல்லது அதற்குப் பிறகு வந்த தரம், நம்பகமான கடையில் வாங்கியது, நேரத்துக்கு மாற்றுவது. இந்த நான்கும் சரியாக இருந்தால் அது சிந்தடிக்காக இருப்பது கூடுதல் நன்மை, அவ்வளவுதான். பட்ஜெட் இருந்தால் சிந்தடிக் ஊற்றுங்கள். இல்லையென்றால் அதே கிரேடில் செமி சிந்தடிக், அதாவது மினரலும் சிந்தடிக்கும் கலந்தது, வாங்கிக் கொஞ்சம் சீக்கிரம் மாற்றிவிடுங்கள். வண்டி ஓடும்.

இனி ஏன் என்று பார்க்கலாம்.

டப்பாவின் முன்பக்கம் பெரிதாக "சிந்தடிக்" என்று போட்டிருக்கிறதே, அந்தச் சொல்லுக்கு நீங்கள் நினைக்கிற மாதிரி கறாரான அர்த்தம் கிடையாது. இன்ஜின் ஆயிலில் பெரும்பகுதி, முக்கால் பங்குக்கு மேல், பேஸ் ஆயில், அதாவது அடிப்படை எண்ணெய். மீதி அடிட்டிவ், அதன் குணத்தைக் கூட்டச் சேர்க்கிற ரசாயனங்கள். பேஸ் ஆயிலை அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ ஐந்து வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை, கச்சா எண்ணெயைக் கரைப்பான் கொண்டு சுத்தம் செய்து எடுப்பது, பழைய முறை. நம் சென்னை மணலியில் இருக்கிற சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை பல காலமாக மசகு எண்ணெய்க்கான பேஸ் ஆயில் தயாரிக்கிற இடம். இரண்டாவது வகையில் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கந்தகத்தையும் வேண்டாத மூலக்கூறுகளையும் வெகுவாகக் குறைத்துவிடுகிறார்கள். மூன்றாவது வகையில் அதே வேலையை இன்னும் கடுமையாகச் செய்து, மூலக்கூறின் வடிவத்தையே மாற்றிவிடுகிறார்கள். வெப்பநிலை ஏறி இறங்கும்போது ஆயிலின் கெட்டித்தன்மை எவ்வளவு கம்மியாக மாறுகிறது என்பதற்கு ஒரு குறியீட்டு எண் உண்டு, மூன்றாவது வகையில் அது 120-க்கு மேல் இருக்க வேண்டும். நான்காவது பிஏஓ, அதாவது சிறிய மூலக்கூறுகளை வேதி முறையில் கோர்த்துக் கட்டுவது. மற்றதெல்லாம் ஐந்தாவது, எஸ்டர் அதில்தான் வரும்.

ஒரு காலத்தில் சிந்தடிக் என்றால் நான்கும் ஐந்தும்தான், மற்றதெல்லாம் மினரல். 1990-களில் காஸ்ட்ரால் தன்னுடைய சின்டெக் ஆயிலில் பிஏஓவை எடுத்துவிட்டு மூன்றாவது வகையைப் போட ஆரம்பித்தது, பெயரில் சிந்தடிக்கை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது. போட்டிக் கம்பெனியான மொபில் சும்மா இருக்குமா? இது கச்சா எண்ணெயிலிருந்து எடுத்தது, சிந்தடிக் என்று விளம்பரம் செய்யக்கூடாது என்று அமெரிக்காவின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பிடம் போனார்கள். 1999-ல் தீர்ப்பு காஸ்ட்ராலுக்குச் சாதகமாக வந்தது. அதற்குப் பிறகு உலகம் முழுக்கக் கதவு திறந்துவிட்டது. இன்றைக்கு நீங்கள் கடையில் வாங்குகிற "ஃபுல்லி சிந்தடிக்" டப்பாக்களில் பெரும்பாலானவை மூன்றாவது வகைதான். ஜெர்மனியில் மட்டும் "முழு சிந்தடிக்" என்ற சொல்லை இன்னும் கறாராகப் பார்க்கிறார்கள். ஷெல் கத்தாரில் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கிற பேஸ் ஆயில்கூட இந்த மூன்றாவது வகையில்தான் சேர்கிறது.

இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல மூன்றாவது வகை ஆயில் பிஏஓவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, விலையும் கம்மி. இன்னொரு பக்கம், இன்றைய மினரல் டப்பாக்கள் பலவற்றில் இரண்டாவது வகை பேஸ் ஆயில் வந்துவிட்டது. அப்பா காலத்து அம்பாசடருக்கு ஊற்றிய மினரலைவிட அது எவ்வளவோ மேல். இரண்டு பக்கமும் நெருங்கி வந்துகொண்டிருக்கின்றன. நடுவில் "செமி சிந்தடிக்" என்று ஒன்று இருக்கிறதே, அதில் எத்தனை சதவீதம் சிந்தடிக் இருக்க வேண்டும் என்று ஏபிஐயோ, கிரேடு எண்களை வகுக்கிற எஸ்ஏஇ அமைப்போ எங்கேயும் வரையறுக்கவில்லை. ஐந்து சதவீதம் கலந்தாலும் செமிதான், நாற்பது கலந்தாலும் செமிதான். அதனால்தான் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள் என்கிறேன்.

பின்பக்கத்தில் இரண்டு விஷயம் இருக்கும். முதலாவது கிரேடு. 5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் இருக்கிற எண் குளிரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது, பின்னால் இருக்கிற 30 இன்ஜின் சூடான பிறகு எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. 100 டிகிரி செல்சியஸில் 30 கிரேடு 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையை அளக்கிற அலகு) வரை, 40 கிரேடு 12.5-லிருந்து 16.3 வரை. எண் சின்னதாக இருந்தால் ஆயில் இளகல், பெரிதாக இருந்தால் கெட்டி. இதில் சிந்தடிக், மினரல் என்ற பேச்சே கிடையாது. சிந்தடிக் என்றாலே தண்ணி மாதிரி இருக்கும் என்பது தவறான நம்பிக்கை, 15டபிள்யூ-50 சிந்தடிக்கும் கடையில் கிடைக்கிறது, ஊற்றினால் தேன் மாதிரி இறங்கும்.

சிந்தடிக் விற்கிறவர்கள் முதலில் சொல்வது "குளிரில் சட்டென்று ஸ்டார்ட் ஆகும்" என்பதுதான். கனடாவில் இருக்கிற நம் ஆட்களுக்கு அது உயிர் நாடியான விஷயம், தமிழ்நாட்டில் இருக்கிறவருக்கு இதை வைத்து விற்றால் சிரித்துக்கொள்ளுங்கள். 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியில் வைத்துத்தான் இன்ஜின் சுற்றுமா என்று சோதிக்கிறார்கள், 20டபிள்யூவை மைனஸ் 15-ல், 5டபிள்யூவை மைனஸ் 30-ல். ஊட்டியில் ஜனவரி உறைபனிக் காலையில்கூட பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். மதுரைக்காரர் அந்தக் கவலையே பட வேண்டாம்.

ஆனால் அதை வைத்து 20டபிள்யூ-40 சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆவது வேறு, ஸ்டார்ட் ஆனதும் ஆயில் மேலே போய்ச் சேருவது வேறு. 40 டிகிரி வெப்பநிலையில், அதாவது மதுரையில் மதியம் வெயிலில் நிறுத்தி எடுத்த வண்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன், 20டபிள்யூ-40 ஆயில் 5டபிள்யூ-30-ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி. உங்கள் கே-சீரிஸ் இன்ஜினில் வால்வுகளை நேரத்துக்கு இயக்க டைமிங் செயின்தான் இருக்கிறது, அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஆயில் வழிகளும் இடைவெளிகளும் இளகலான ஆயிலுக்கென்று அமைத்தவை. இதில் 20டபிள்யூ-40 ஊற்றினால் மறுநாளே ஒன்றும் ஆகாது, அதனால்தான் மெக்கானிக் தைரியமாகச் சொல்கிறார். மைலேஜ் கொஞ்சம் குறையும், பிக்கப் கொஞ்சம் மந்தமாகும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு விநாடி சலசலவென்று சத்தம் வரலாம். தேய்மானம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற விஷயம்.

"நம் ஊர் வெயிலுக்கு கெட்டியான ஆயில்தான் தாங்கும்" என்று அடுத்து ஒருவர் கிளம்புவார். இன்ஜினுக்கு வெளியே 42 டிகிரி அடித்தாலும் 22 டிகிரி அடித்தாலும் உள்ளே கூலன்ட்டை தெர்மோஸ்டாட் 90 டிகிரிக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கும். ரேடியேட்டரும் ஃபேனும் ஒழுங்காக வேலை செய்கிற வரைக்கும் அக்னி நட்சத்திரத்துக்கென்று தனி ஆயில் தேவையில்லை. கையேட்டில் வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று கிரேடு கொடுத்திருந்தால் அதற்குள் கெட்டியானதைத் தேர்ந்தெடுங்கள், தப்பே இல்லை. கையேட்டில் இல்லாததற்குப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

அப்படியென்றால் நம் ஊரில் சிந்தடிக்கால் லாபமே இல்லையா? இருக்கிறது. குளிரில் இல்லை, சூட்டில். பஜ்ஜிக் கடைச் சட்டியில் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் எப்படிக் கறுத்துக் கொழகொழவென்று ஆகிறதோ, இன்ஜினுக்குள் நடப்பதும் அதேதான். சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து ஆயில் கெட்டியாகிறது, அமிலமாகிறது, வண்டல் பிடிக்கிறது. வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் இந்த வேகம் தோராயமாக இரண்டு மடங்காகும் என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. சிந்தடிக் பேஸ் ஆயிலில் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ளத் தோதான மூலக்கூறுகள் குறைவு, அதனால் தாங்குகிறது. ஆவியாவதும் குறைவு. ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்று பார்க்கிற நோவாக் சோதனை என்று ஒன்று உண்டு, பெட்ரோல் கார்களுக்கான ஆயிலில் அது 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நல்ல சிந்தடிக்கில் 10-க்குப் பக்கத்தில் நிற்கும். ஆயில் லெவல் சீக்கிரம் இறங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு நுணுக்கம். மினரல் பேஸ் ஆயிலை மல்டிகிரேடாக, அதாவது குளிருக்கும் சூட்டுக்கும் சேர்த்து இரண்டு எண் போட்ட ஆயிலாக மாற்ற அதில் பாலிமர் சேர்க்கிறார்கள், சூட்டில் ஆயில் ரொம்ப இளகிவிடாமல் பிடித்துக்கொள்வதற்காக. கியர்களுக்கும் பேரிங்குகளுக்கும் நடுவில் நசுங்கி நசுங்கி அந்த பாலிமர் துண்டாகிறது, 40 கிரேடு என்று ஊற்றியது நாளாக ஆக 30-க்கு இறங்கிவிடும். சிந்தடிக் பேஸ் ஆயிலுக்கு அவ்வளவு பாலிமர் தேவைப்படுவதில்லை.

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2017-ல் இரண்டு வகை ஆயிலையும் ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தது, பல சோதனைகளின் சராசரியில் சிந்தடிக் 47 சதவீதம் மேலாகச் செய்தது. அந்த எண்ணை வைத்து இன்ஜின் ஆயுள் ஒன்றரை மடங்காகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆய்வகத்தில் ஆயிலை வதைப்பது வேறு, 5,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுகிறவரின் வண்டியில் அது படுகிற பாடு வேறு. மினரல் கெட்டுப்போவதற்குள் கீழே இறக்கிவிட்டால் வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடுகிறது.

மாற்றுகிற கால அளவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், பலரும் கோட்டை விடுகிற இடம் அதுதான். கையேட்டில் "10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ" என்று இருக்கும். கிலோமீட்டர் என்பது ஒரு தோராயமான அளவு, இன்ஜினுக்குத் தெரிவது எத்தனை மணி நேரம் ஓடினோம் என்பதுதான். திருச்சி ரோட்டில் சராசரி 60-ல் போகிறவருக்கு 10,000 கிலோமீட்டர் என்பது 167 மணி நேரம். கோரிப்பாளையத்திலும் சிம்மக்கல்லிலும் முட்டி மோதி சராசரி 15-ல் போகிறவருக்கு அதே 10,000 என்பது 667 மணி நேரம். நான்கு மடங்கு. அதோடு வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஆபீஸ், போனதும் நிறுத்தம் என்றால் ஆயில் முழுச் சூட்டுக்கே வராது. உள்ளே கசிகிற பெட்ரோலும் ஈரமும் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். சிந்தடிக்காக இருந்தாலும் அந்த அழுக்கு சேரத்தான் செய்யும். அதனால் ஊருக்குள் மட்டுமே ஓடுகிற வண்டிக்கு சிந்தடிக் ஊற்றியிருந்தாலும் 10,000-க்குக் காத்திருக்காமல் 7,000, 7,500-ல் மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றாலும் வருடம் முடிந்தால் மாற்ற வேண்டும். "சிந்தடிக்தானே, 15,000 போகும்" என்று இழுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். கார் கம்பெனியே 15,000 கிலோமீட்டர் என்று கொடுத்த வண்டிக்கு அது சரி, மற்ற வண்டிகளுக்கு டப்பாவை நம்பி நீட்டக்கூடாது.

செலவுக் கணக்கையும் போட்டுவிடலாம். விலைகளைச் சும்மா கணக்குக்காக வைக்கிறேன், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். வண்டிக்கு 3 லிட்டர், மினரல் அல்லது மலிவான செமி லிட்டர் 350, சிந்தடிக் 700, ஃபில்டரும் கூலியும் சேர்த்து ஒரு தடவைக்கு 450. வருடம் 10,000 ஓடுகிறீர்கள். மினரலை 5,000-க்கு ஒரு முறை என்று இரண்டு தடவை மாற்றினால் 3,000 ரூபாய். சிந்தடிக்கை ஒரே தடவை மாற்றினால் 2,550. ஆக அதிகம் ஓட்டுகிறவருக்கு சிந்தடிக் செலவே இல்லை, மிச்சம்தான். வருடம் 4,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு எதை ஊற்றினாலும் வருடம் ஒரு தடவைதான் மாற்றப் போகிறோம், அங்கே மினரல் 1,500, சிந்தடிக் 2,550. அந்த ஆயிரத்தை வீண் என்று நினைத்தால் உங்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன்.

பின்பக்கத்தில் பார்க்க வேண்டிய இரண்டாவது விஷயம் தரக் குறியீடு. ஏபிஐ என்று போட்டு எஸ் எழுத்தில் ஆரம்பித்தால் பெட்ரோல். அதற்கடுத்த எழுத்து அகர வரிசையில் பின்னால் போகப் போகப் புதியது: எஸ்எல் 2001, எஸ்எம் 2004, எஸ்என் 2010, எஸ்பி 2020. புதியது பழையதற்கும் ஊற்றலாம். எஸ்எஃப், எஸ்ஜி என்று போட்ட மலிவு டப்பாவை இன்னும் சில கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள், அது எந்தக் காலத்துக் காருக்கு எழுதிய தரம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உண்மையான ஏபிஐ உரிமம் வாங்கிய டப்பாவில் வடை மாதிரி ஒரு வட்டம் அச்சிட்டிருக்கும், மேல் அரைவட்டத்தில் தரம், நடுவில் கிரேடு. "தரத்துக்கு இணையானது" என்று கம்பெனி தானே எழுதிக்கொள்வதும், கார் தயாரிப்பாளரோ ஏபிஐயோ ஒப்புதல் கொடுத்திருப்பதும் ஒன்றல்ல.

இந்த எழுத்துகள் டர்போ பெட்ரோல் வண்டிகளுக்கு ரொம்ப முக்கியம். டர்போவும் டைரக்ட் இன்ஜெக்‌ஷனும் சேர்ந்த சின்ன இன்ஜின்களில், குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்கிற ஒரு நோய் உண்டு. பிஸ்டனையே உடைக்கும். ஆயிலில் இருக்கிற கால்சியம் அடிட்டிவுக்கு அதில் பங்கு இருப்பதைக் கண்டுபிடித்த பிறகு 2018-ல் எஸ்என் பிளஸ் வந்தது, பிறகு எஸ்பி. அந்த வகை வண்டி வைத்திருக்கிறவர் "சிந்தடிக்தானே" என்று பழைய எஸ்எல் டப்பாவை ஊற்றினால் ஊற்றியதில் அர்த்தமே இல்லை. அங்கே மினரல் பேச்சே எடுக்காதீர்கள். டர்போ பேரிங் படுகிற சூட்டுக்கு நல்ல சிந்தடிக்கைத் தவிர வேறு வழியில்லை.

பிஎஸ்6 டீசல் இன்னொரு கதை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கிற டிபிஎஃப் இருக்கும். கரி எரிந்துவிடும், ஆயிலில் இருக்கிற உலோக அடிட்டிவ் எரிந்து வருகிற சாம்பல் எரியாது, அப்படியே அடைத்துக்கொள்ளும். அதனால் சாம்பல் குறைவான ஆயில்தான் வேண்டும், ஐரோப்பியக் குறியீட்டில் ஏசிஇஏ சி2, சி3 என்று வருவது, அதில் எது என்று கையேடு சொல்லும். இங்கே தப்பான ஆயில் ஊற்றினால் டிபிஎஃப் பில்லைப் பார்த்துத் தலை சுற்றும். பழைய சுமோ, பொலேரோவுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, டீசலுக்கான நல்ல 15டபிள்யூ-40 மினரலை ஊற்றிவிட்டு நேரத்துக்கு மாற்றினால் போதும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, பிஎம்டபிள்யூ, பென்ஸ் வைத்திருக்கிறவர்கள் கிரேடோடு நிற்காமல் கம்பெனியின் ஒப்புதல் எண்ணையும் பார்க்க வேண்டும். 5டபிள்யூ-30 என்று ஒரே பெயர் போட்டிருந்தாலும் ஐரோப்பிய ஏ3/பி4 வகை 5டபிள்யூ-30 கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் ஜப்பானிய வண்டிகளுக்கான 5டபிள்யூ-30-ஐவிடக் கெட்டியாக நிற்கிற ஆயில். புதிய மாருதி, ஹோண்டா, டொயோட்டா பெட்ரோல் வண்டிகளில் 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று கேட்டிருந்தால் விவாதமே வேண்டாம், அந்த அளவுக்கு இளகலான ஆயிலை ஆவியாகாமல் மினரலில் செய்வது நடைமுறையில் முடியாத காரியம், டப்பாவில் சிந்தடிக் என்றுதான் இருக்கும்.

சிஎன்ஜி போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. கேஸில் ஓடுகிற இன்ஜினில் ஆயில் கறுக்கவே கறுக்காது, டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஊற்றியபோது இருந்த நிறத்திலேயே இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கரி இல்லாததால் நிறம் மாறவில்லை, சூட்டால் ஆயில் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதே மாதிரி டீசலில் மாற்றிய ஒரு வாரத்தில் ஆயில் கறுத்துவிட்டது, போலி ஆயில் போல என்று பதறுகிறவர்களும் உண்டு. கறுப்பானால் கரியைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம், அதுதான் அதன் வேலை. நிறத்தை வைத்து ஆயிலை எடை போட முடியாது.

இப்போது உங்கள் மெக்கானிக்கின் லீக் பயத்துக்கு வருவோம். அது முழுப் பொய் இல்லை. ஆரம்ப கால சிந்தடிக் ஆயில்கள் சில ரப்பர் சீல்களோடு ஒத்துப்போகவில்லை, சீல் சுருங்கிக் கசிந்தது, அந்தப் பேச்சு ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக இன்றுவரை வாழ்கிறது. இப்போதைய ஆயில்களில் சீலுக்கென்றே அடிட்டிவ் சேர்க்கிறார்கள். ஆனால் வருடக்கணக்கில் நேரத்துக்கு மாற்றாமல் ஓட்டிய வண்டியில், காய்ந்துபோன சீல் மேல் வண்டல் படிந்து அதுவே அடைப்பாக இருக்கும். புது ஆயிலின் டிடர்ஜென்ட் அதைக் கரைத்துவிட்டால் பழைய ஓட்டை வெளியே தெரியும். சீல் போனதற்கு ஆயில் பொறுப்பில்லை, ஆனால் பழி அதன் மேல் விழும்.

உங்கள் வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது மேலே ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி, மொபைல் டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டான கேம்ஷாஃப்ட்டின் ஓரம் தெரியும். உலோகம் பளிச்சென்றோ, தேன் நிறத்தில் லேசாகப் பூசின மாதிரியோ இருந்தால் பராமரிப்பு நன்றாக இருந்திருக்கிறது, தைரியமாக சிந்தடிக்குக்கு மாறலாம். விரலால் தொட்டால் கறுப்பாக, கிரீஸ் மாதிரி வழித்துக்கொண்டு வந்தால் வண்டல் கட்டியிருக்கிறது. அப்போது அவசரப்பட வேண்டாம். சரியான கிரேடில் செமி சிந்தடிக்கோ மினரலோ ஊற்றி 2,500, 3,000 கிலோமீட்டரில் ஃபில்டரோடு மாற்றுங்கள், திரும்பவும் ஒரு முறை அப்படியே செய்யுங்கள், மெதுவாகக் கழுவிக்கொண்டு வரட்டும். சர்வீஸ் சென்டரில் "இன்ஜின் ஃப்ளஷ்" என்று ஒரு பாட்டிலை நீட்டுவார்கள். வண்டல் கட்டிய இன்ஜினில் அது பெரிய கட்டிகளைப் பெயர்த்துவிட்டு ஆயில் பம்ப்பின் வலையில் கொண்டுபோய் அடைக்கிற அபாயம் உண்டு, சுத்தமான இன்ஜினுக்கோ தேவையே இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேலே ஊற்றுகிற "ஆயில் ட்ரீட்மென்ட்" பாட்டிலுக்கும் அதே பதில்தான்.

ஒரு தடவை சிந்தடிக்குக்கு மாறினால் திரும்ப மினரலுக்குப் போக முடியாது என்பதும் சும்மா சொல்வது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும், திரியாது. நெடுஞ்சாலையில் லெவல் குறைந்து, கிடைத்தது மினரல்தான் என்றால் அரை லிட்டர் ஊற்றிக்கொண்டு வீடு வந்து சேருங்கள். குறைந்த லெவலில் ஓட்டுவதுதான் உண்மையான ஆபத்து. டப்பாவில் மிச்சமான கார் ஆயிலைப் பைக்குக்கு ஊற்றுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது, கார் ஆயிலில் வழுக்கலுக்குச் சேர்க்கிற அடிட்டிவால் அது ஸ்லிப் ஆகும். பைக் டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்று ஜப்பானியத் தரக் குறியீடு போட்டிருப்பது அதற்காகத்தான்.

சிந்தடிக் என்ற பெயரில் போலி வாங்கினால் மேலே எழுதியது எல்லாமே வீண். விலை அதிகமான ஆயிலுக்குத்தான் போலியும் அதிகம். பழைய டப்பாவை வாங்கி, வடிகட்டிய கழிவு ஆயிலை அடைத்து, மூடி போட்டு விற்கிற கும்பல்கள் அவ்வப்போது பிடிபடுகின்றன. எம்ஆர்பியில் பாதிக்கு யாராவது கொடுத்தால் யோசியுங்கள். பெட்ரோல் பங்கிலோ அந்தக் கம்பெனியின் டிஸ்ட்ரிபியூட்டரிடமோ பில்லோடு வாங்குங்கள், மூடியின் வளையம் உங்கள் கண்ணெதிரே உடையட்டும், டப்பாவிலும் மூடியிலும் இருக்கிற பேட்ச் எண்ணைப் பாருங்கள், கியூஆர் கோடு இருந்தால் ஸ்கேன் செய்து பாருங்கள். சர்வீஸ் சென்டரில் பேரலிலிருந்து ஊற்றுகிறார்கள் என்றால் எந்த கிரேடு, எந்தத் தரம் என்று ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். "சிந்தடிக்" என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். காலி டப்பாவை வீட்டுக்கு எடுத்து வாருங்கள், அல்லது அங்கேயே ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்தி ஓட்டை போட்டுவிடுங்கள்.

உங்களுக்குச் செய்ய வேண்டியது என்று பார்த்தால், அதே தெருமுனை மெக்கானிக்கிடமே போங்கள், ஆள் தெரிந்தவர், கண்ணெதிரே வேலை செய்வார். ஆயிலையும் நல்ல கம்பெனி ஃபில்டரையும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். கீழே டிரெயின் போல்ட்டைக் கழற்றும்போது அதில் இருக்கிற மெல்லிய வாஷரைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள், சில ரூபாய் சமாச்சாரம், பழையதையே போட்டு ஓங்கி முறுக்கி ஆயில் பான் மரையைக் கெடுக்கிற ஒர்க்‌ஷாப்புகள் ஏராளம். "சிந்தடிக் ஊத்துனதும் லீக் ஆச்சு" என்கிற புகார்களில் எத்தனை இந்த வாஷரால் வந்தவை என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ஊற்றியதும் இன்ஜினை ஒரு நிமிடம் ஓட விட்டு அணைத்து, சமதளத்தில் ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் கெடுதல்தான், மூன்றரை லிட்டர் டப்பா வாங்கிவிட்டோமே என்று முழுதும் கவிழ்த்துவிட வேண்டாம். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு வாரம் ஒரு தடவை லெவல் பாருங்கள், வண்டி நின்ற இடத்தில் கீழே சொட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படிக் கசிந்தால் சந்தேகப்பட வேண்டியது முதலில் அந்த வாஷர், அடுத்து ஃபில்டர் இறுக்கம், பிறகு மேலே வால்வ் கவர் கேஸ்கெட். இது மூன்றும் சரியாக இருந்து, அதற்கப்புறமும் கசிந்தால் கிராங்க் சீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.